எண்ணைப் பார்த்து எண்ணெய் வாங்காதீர்கள்



முன்னால் ஷொக் பூட்டிய சைக்கிள் இன்று நமது ஊரில் புதினமான பொருள் அல்ல. 2022இல் பெற்றோல் வரிசையில் நாள் கணக்கில் நின்ற காலத்தில் ஆசிரியர்களும் அலுவலகம் போகிறவர்களுமாக நம்மில் பலர் சைக்கிளுக்கு மாறினோம். விலை ஏறியபோதும் கிடைத்ததை வாங்கினோம். பெருநாள் காசு சேர்த்து வாங்கிய பிள்ளைகள், பாவித்த வெளிநாட்டுச் சைக்கிளைத் தேடி வாங்கிய இளைஞர்கள் என்று இப்போது ஒழுங்கைக்கு ஒரு மவுன்டன் பைக்காவது நிற்கிறது. அவற்றுக்கெல்லாம் வயதாகிறது. சிலவற்றின் முன் ஷொக் கீச்சிடுகிறது. சில அமுங்குவதே இல்லை. சில அமுங்கினால் எழும்புவதில்லை. நமது மாணவர்கள் கேட்கிற கேள்வியும் அநேகமாக ஒன்றாகிவிட்டது:

"சேர், முன் ஷொக்குக்கு என்ன ஒயில் ஊத்துற?"

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு விடைகள் உலாவுகின்றன. ஒன்று, "எந்த ஒயிலும் ஒண்டுதான், இருக்கிறத ஊத்து". மற்றது, "கம்பனி ஒயில்தான் ஊத்தணும், இல்லாட்டி ஷொக் போயிடும்". முதல் விடையைக் கேட்டவர் கையில் அகப்பட்டதை ஊற்றி ஷொக்கைப் பழுதாக்குகிறார். இரண்டாவது விடையைக் கேட்டவர் விலைக்குப் பயந்து எதையுமே ஊற்றாமல் விட்டுப் பழுதாக்குகிறார்.

இரண்டும் சரியில்லை என்பதே நமது கருத்து. போத்தலின் முகப்பில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது என்கிறோம். ஒயில் வாங்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். அந்த ஒயில் ஷொக்குக்குள் என்ன வேலை செய்யப்போகிறது? 40 பாகை செல்சியசில் அதன் பிசுக்குமை எவ்வளவு? இந்த இரண்டும் ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பதிவு நீளம்தான். சைக்கிள் வைத்திருக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

1. முதலில், உங்கள் ஷொக்கில் ஒயிலுக்கு இடம் இருக்கிறதா?

குறைந்த விலைக்கு வருகிற மவுன்டன் பைக்குகள் பலவற்றின் முன் ஷொக்குக்குள்ளே ஒரு சுருள்வில், சிலவேளை ஒரு றப்பர் துண்டு, கொஞ்சம் கிறீஸ், இவ்வளவுதான் இருக்கும். ஒயில் அறை என்று ஒன்று கிடையாது. அதற்குள் ஒயில் ஊற்றினால், இருக்கிற கிறீஸையும் கழுவிக்கொண்டு அது கீழே வடிந்துவிடும். அப்படியான ஷொக்குக்குக் கழற்றித் துடைத்துப் புதுக் கிறீஸ் போடுவதே வைத்தியம். ஒயிலுக்குச் செலவழிக்கும் காசு வீண்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை நன்றாகக் கீழே அமத்துங்கள். பிறகு சட்டென்று பாரத்தை எடுங்கள். ஷொக் 'டக்' என்று உடனே மேலே அடித்தால் உள்ளே வில் மட்டும் இருக்கிறது, அல்லது இருந்த ஒயில் வடிந்து போயிருக்கிறது. கொஞ்சம் நிதானமாக எழும்பினால் உள்ளே ஒயில் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ரொக்ஷொக்ஸ், ஃபொக்ஸ் போன்ற கம்பனிகளின் ஷொக் என்றால் வலது காலின் அடியில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய திருகி இருக்கலாம். எழும்பும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அது. அதைத் திருப்பினால் வேகம் மாற வேண்டும். இடது காலின் தலையில், மூடிக்குள்ளே காற்று அடிக்கும் வால்வு இருந்தால் அது காற்று ஷொக். அங்கே சுருள்வில்லின் வேலையைக் காற்று செய்கிறது.

இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் கடைக்குப் போவது, என்ன வருத்தம் என்று தெரியாமல் பாமசியில் மருந்து கேட்பது மாதிரி.

2. ஒரே ஷொக்கில் ஒயிலுக்கு இரண்டு வேலை

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் படித்த எல்லோருக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆகவே வங்கியின் கண்ணாடிக் கதவை நினைத்துப் பாருங்கள். நாம் உள்ளே போனதும் அது தானாக மூடுகிறது. ஆனால் படார் என்று அடிப்பதில்லை. கதவைத் தள்ளுவது உள்ளே இருக்கிற வில். அந்தத் தள்ளுதலை மெதுவாக்குவது ஒயில். ஒரு சின்னத் துளை வழியாக ஒயில் நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் கதவு அவசரப்பட முடியாது.

சைக்கிளின் முன் ஷொக்கும் இதே கதைதான். பள்ளத்தில் விழும்போது பாரத்தைத் தாங்குவது வில் அல்லது காற்று. அமுங்கிய வில் திரும்ப எகிறும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒயில். இதைத் தணிப்பு என்கிறோம். இது ஒயிலின் முதல் வேலை. இந்த ஒயில் பெரும்பாலும் வலது காலுக்குள் ஒரு தனிக் குழாயில் இருக்கும்.

இரண்டாவது வேலை வழுக்கல். மேலே இருக்கிற பளபளப்பான குழாய் கீழ்க்காலுக்குள் ஏறி இறங்குகிறது. அது உராய்ந்து தேயாமல் இருக்கக் கீழ்க்கால் ஒவ்வொன்றுக்குள்ளும் சில மில்லிலீற்றர் ஒயில் ஊற்றப்பட்டிருக்கும். சைக்கிள் ஆட ஆட அது தெறித்து, சீலுக்குக் கீழே இருக்கிற பஞ்சு வளையத்தை நனைத்து, குழாயை ஈரமாக வைத்திருக்கும்.

தணிப்பு ஒயில் துளை வழியாக ஓட வேண்டும். வழுக்கல் ஒயில் குழாயில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டின் குணமும் வேறு. அதனால்தான் ரொக்ஷொக்ஸ் கம்பனியின் பழைய மோஷன் கொன்ட்ரோல் வகை ஷொக்கில் தணிப்புக்கு 5 டபிள்யூ ஒயிலும், கீழ்க்காலுக்கு 15 டபிள்யூ ஒயிலும் என்று இரண்டைச் சொன்னார்கள். பிற்காலத்தில் கீழ்க்காலுக்கு 0 டபிள்யூ 30 என்ற ஒயிலுக்கு மாறினார்கள். ஃபொக்ஸ் கம்பனி கீழ்க்காலுக்கென்றே 20 என்ற எண்ணுடைய ஒயிலை விற்கிறது. ஒரு ஷொக், இரண்டு ஒயில். "ஷொக் ஒயில் ஒண்டு தாங்க" என்று கேட்பதே அரைகுறைக் கேள்விதான்.

3. இறங்கிப் போன ஷொக்குக்குத் தடித்த ஒயில் மருந்தல்ல

ஊரில் அதிகம் காணும் பிழை இது. "ஏறி இருந்தா ஷொக் முழுக்க இறங்குது, தடிச்ச ஒயில் ஊத்தினா இறுகும்" என்பார்கள். வங்கிக் கதவை மறுபடியும் நினையுங்கள். அதற்குள் எவ்வளவு தடித்த ஒயிலை ஊற்றினாலும் கதவு கடைசியில் மூடத்தான் செய்யும். மூட எடுக்கும் நேரம்தான் கூடும்.

அதேபோல, பாரமான ஒருவர் ஏறி இருக்கும்போது ஷொக் எவ்வளவு தூரம் இறங்கி நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது வில்லின் பலம் அல்லது காற்றின் அமுக்கம். ஒயில் அல்ல. ஏறி இருந்ததும் மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் சரி. அதைவிட அதிகம் இறங்கினால் காற்று ஷொக்குக்குக் காற்று அடியுங்கள். வில் ஷொக்குக்குப் பலமான வில் போடுங்கள். மேல் திருகி இருந்தால் அதைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள்.

அதற்குப் பதிலாகத் தடித்த ஒயில் ஊற்றினால் என்ன நடக்கும்? முதல் குழியில் ஷொக் அமுங்கும். எழும்ப நேரம் எடுக்கும். அது பாதி எழும்புவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். மூன்றாவது குழியில் ஷொக் அடியிலேயே கிடக்கும். அதன் பிறகு சைக்கிளில் ஷொக் இருந்தும் இல்லாத மாதிரிதான். அடி முழுக்க மணிக்கட்டுக்கு வரும், முன் சில்லு தரையை விட்டுத் துள்ளும். தார் வீதியில் இது ஒரு தொந்தரவு மட்டும். மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிற அந்தப் பதினெட்டு வளைவு வீதியில் இறங்கி வருகிற பிள்ளைக்கு இது கை கால் முறிகிற விடயம்.

4. போத்தலில் இருக்கிற எண் எதைச் சொல்கிறது?

இப்போது தலைப்புக்கு வருவோம். கடைக்குப் போனால் 5 டபிள்யூ, 10 டபிள்யூ, 15 டபிள்யூ என்று போத்தல்கள் அடுக்கியிருக்கும். எண் கூடினால் தடிப்பும் கூடும் என்பது ஒரே கம்பனிக்குள் சரிதான். ஆனால் ஒரு கம்பனியின் 5ம் இன்னொரு கம்பனியின் 5ம் ஒன்றல்ல.

என்ஜின் ஒயிலில் இந்த டபிள்யூ என்ற எழுத்துக்கு ஒரு நிரந்தரமான அர்த்தம் உண்டு. அது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. எஸ்.ஏ.ஈ. என்ற பொறியியலாளர் சங்கத்தின் ஜே 300 என்ற நியமத்தின்படி, 5 டபிள்யூ என்ற என்ஜின் ஒயிலைப் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக் குளிரில் வைத்துச் சோதிக்கிறார்கள், அந்தக் குளிரிலும் என்ஜின் சுற்றுமா என்று பார்க்க. 10 டபிள்யூ 40 என்று எழுதியிருந்தால் பின்னால் வருகிற 40, ஒயில் 100 பாகைச் சூட்டில் எப்படி இருக்கும் என்பதைக் காட்டுகிறது.

சைக்கிள் ஷொக் அந்தக் குளிரையும் காணப்போவதில்லை, அந்தச் சூட்டையும் காணப்போவதில்லை. அதன் வாழ்க்கை நாம் வாழ்கிற வெப்பநிலையில்தான். ஷொக் ஒயில் தயாரிப்பவர்களை ஓர் ஒழுங்குக்குள் கட்டுகிற பொதுவான எண் நியமம் கிடையாது. ஆளுக்கொரு விதமாக 5 என்றும் 10 என்றும் அச்சடிக்கிறார்கள். 40 பாகையில் அளந்தால் ஒரு கம்பனியின் 5 டபிள்யூ ஏறத்தாழ 16 சென்ரிஸ்டோக், வேறொரு கம்பனியின் 5 டபிள்யூ 26 சென்ரிஸ்டோக்குக்கும் மேல். இரண்டு போத்தலிலும் ஒரே எண். ஆனால் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமாகத் தடித்தது.

சென்ரிஸ்டோக் என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு திரவம் தன் பாரத்தாலேயே ஓடும்போது எவ்வளவு தயங்குகிறது என்பதற்கான அளவு அது. சாதாரண அறை வெப்பநிலையில் தண்ணீர் ஏறத்தாழ 1 சென்ரிஸ்டோக். உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற பிள்ளைகள் புவாசேயின் சமன்பாட்டை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒடுங்கிய குழாயில், அதே அமுக்கத்தில், பிசுக்குமை இரட்டித்தால் பாய்ச்சல் பாதியாகும். பரீட்சைத் தாளில் எழுதுகிற அதே கணக்குத்தான் சைக்கிளுக்குள்ளும் நடக்கிறது.

ஐ.எஸ்.ஓ. வி.ஜி. என்று சில போத்தல்களில் எழுதியிருக்கும். அது நம்பக்கூடிய எண். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 15 என்றால் 40 பாகையில் 15 சென்ரிஸ்டோக், கூடினாலும் குறைந்தாலும் நூற்றுக்குப் பத்துக்குள். ஆகவே போத்தலின் முகப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் அந்த ஒயிலின் பெயரோடு தரவுத்தாளைத் தேடுங்கள். '40 பாகையில் பிசுக்குமை' என்ற வரிதான் நமக்குத் தேவை.

ஷொக் தயாரித்தவர் சொன்ன ஒயில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஒயிலின் சென்ரிஸ்டோக் அளவைப் பார்த்து, அதற்குக் கிட்டிய அளவுள்ள வேறு கம்பனியின் ஷொக் ஒயிலை வாங்கலாம். மோட்டார் சைக்கிளுக்கென்று விற்கும் ஷொக் ஒயிலாக இருந்தாலும் பரவாயில்லை, அளவு பொருந்தினால் சரி. பெயருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அளவுக்குக் கொடுப்போம்.

5. நமது வீட்டு ஒயில்களைப் பற்றி

பிள்ளைகள் ஊற்றிப் பார்ப்பது எவையென்று நமக்குத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

என்ஜின் ஒயில்: 20 டபிள்யூ 50 என்ற ஒயில் 40 பாகையில் பொதுவாக 150 சென்ரிஸ்டோக் வரை போகும். நாம் தேடுவது 16 என்றால் இது ஒன்பது, பத்து மடங்கு. தணிப்புக் குழாய்க்குள் இதை ஊற்றினால் ஷொக் கல்லாகிவிடும். கழித்து எடுத்த பழைய என்ஜின் ஒயிலைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் உலோகத் தூளும் கரியும் இருக்கின்றன. சீலையும் குழாயையும் சுரண்டிவிடும்.

பிரேக் ஒயில்: டொட் 3, டொட் 4 என்று வருகிற பிரேக் திரவம் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது. ஷொக்கில் இருக்கிற சீல்கள் கனிய எண்ணெய்க்கென்று செய்யப்பட்டவை. பிரேக் திரவம் பட்டால் அவை ஊதிப் பழுதாகும். பெயின்றையும் அது உரித்துவிடும்.

தேங்காய் எண்ணெய்: ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே இது உறையத் தொடங்கும். நமது கரையோரத்தில் பகலில் திரவமாகத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவுக்குச் சைக்கிளோடு போய்ப் பாருங்கள், ஷொக்குக்குள் மெழுகு மாதிரி நிற்கும். நாள் போகப் போகக் காற்றுப்பட்டுப் பிசினாகவும் மாறும்.

டபிள்யூ.டி. 40: இதன் பெயரிலுள்ள டபிள்யூ.டி. என்ற எழுத்துகள் நீரை விலக்குவதைக் குறிப்பவை. துருப்பிடித்த நட்டைக் கழற்ற நல்ல சாமான். சீலில் அடித்தால் அங்கிருக்கிற கிறீஸைக் கரைத்துக் கழுவிவிடும். ஒரு நாள் ஷொக் மிருதுவாக ஆடும், பிறகு முன்பைவிட மோசமாகும். அந்த ஒரு நாள் சுகத்தைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

தையல் மெசின் ஒயில்: மெல்லியது, சுத்தமானது. ஆனால் ஷொக்குக்குள் நுரைக்காமல் இருக்கவும், சூட்டிலும் குளிரிலும் ஒரே அளவில் நிற்கவும் சேர்க்கப்படும் பொருட்கள் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நுரைத்த ஒயில் துளை வழியாகக் காற்றோடு கலந்து பாயும். அப்போது தணிப்பு இல்லாமல் போகும்.

கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப்: 40 பாகையில் ஏறத்தாழ 35 சென்ரிஸ்டோக் வரும். பழைய மோட்டார் சைக்கிள் ஷொக்குகளுக்கு இதை ஊற்றி ஓடிய அனுபவம் நமது கராஜ்காரர்களுக்கு உண்டு. அது தவறான அனுபவம் அல்ல. ஆனால் 16 கேட்கிற சைக்கிள் ஷொக்கில் இது இரண்டு மடங்கு தடிப்பு. அங்கே பொருந்தாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கீழ்க்காலில் வழுக்கலுக்கு ஊற்றும் ஒயிலில் அளவு கொஞ்சம் முன்பின் இருந்தால் ஷொக் செத்துவிடாது. அங்கே எதுவுமே இல்லாமல் வறண்டு கிடப்பதைவிடச் சுத்தமான ஒயில் ஒன்று இருப்பது எவ்வளவோ மேல். அளவைப் பிடிவாதமாகப் பார்க்க வேண்டிய இடம் தணிப்புக் குழாய். எங்கே கண்டிப்பு, எங்கே தளர்வு என்று தெரிந்தால் வீண் செலவு குறையும்.

6. நமது சூட்டுக்கு வேறு ஒயில் தேவையா?

நல்ல கேள்வி. ஒயில் சூடானால் மெலியும், குளிர்ந்தால் தடிக்கும். 40 பாகையில் 16 சென்ரிஸ்டோக்காக இருக்கிற சாதாரண ஷொக் ஒயில் 20 பாகையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிப்பாகும். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய தலையிடி. நமது கரையோரத்தில் காலையும் மாலையும் முப்பது பாகையை ஒட்டித்தான் இருக்கிறோம். போத்தலில் அளந்து சொன்ன 40 பாகைக்கு நாம் அவர்களைவிடக் கிட்டத்தில் இருக்கிறோம்.

ஆகவே சூடான நாடு என்பதற்காகத் தடித்த ஒயிலுக்குத் தாவ வேண்டாம். சொன்ன ஒயிலை ஊற்றிப் பாருங்கள். ஷொக் கொஞ்சம் வேகமாக எழும்பினால் சிவப்புத் திருகியை இரண்டு சொடுக்கு இறுக்குங்கள். திருகி முழுதும் இறுகியும் போதவில்லை என்றால் மட்டும் அடுத்த தடிப்புக்குப் போகலாம். ஒரே கம்பனியின் ஒரே வகை 5ஐயும் 10ஐயும் கலந்து இடைப்பட்ட தடிப்பை எடுக்கலாம். வெவ்வேறு கம்பனி ஒயில்களைக் கலக்காதீர்கள்.

7. விலை என்ற சாட்டு

"சேர், நல்ல ஒயில் போத்தல் என்ன விலை தெரியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கீழ்க்கால் ஒன்றுக்கு 10 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சைக்கிளுக்கு 20. ஒரு லீற்றர் போத்தலில் 50 சைக்கிள் செய்யலாம். போத்தலின் விலையை ஐம்பதால் பிரித்துப் பாருங்கள். தணிப்புக் குழாய்க்கு 100 மில்லிலீற்றர் என்று வைத்தாலும் ஒரு லீற்றரில் பத்துச் சைக்கிள்.

ஒருவர் தனியாக வாங்கும்போதுதான் இது ஆடம்பரமாகத் தெரிகிறது. ஒரு விளையாட்டுக் கழகம், ஒரு சைக்கிள் கடை, அல்லது ஒரே ஒழுங்கையின் பத்து இளைஞர்கள் சேர்ந்து வாங்கினால் ஒவ்வொருவர் பங்கும் சில்லறைக் காசு. வருடக் கணக்கில் வாங்குகிற மற்றச் சாமான்களை நாம் கூட்டாகத்தானே வாங்குகிறோம்? இதையும் அப்படியே வாங்கலாம்.

அளந்து ஊற்றுவதும் முக்கியம். கண் மட்டத்துக்கு ஊற்றாதீர்கள். பாமசியில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி மில்லிலீற்றர் கணக்கில் ஊற்றுங்கள். ஒயில் கூடினால் மேலே இருக்கிற காற்றுக்கு இடம் குறையும். ஷொக் முழுத்தூரம் அமுங்காது, அல்லது சீல் வெளியே தள்ளும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கேயும் பொருந்தும்.

8. கை வைக்கும் முன் நான்கு எச்சரிக்கைகள்

ஒன்று. காற்று ஷொக் என்றால் வால்வை அமத்திக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகுதான் எந்தத் திருகியையும் கழற்ற வேண்டும். அமுக்கத்தோடு கழற்றினால் மூடி முகத்துக்கு வரும். சின்னப் பிள்ளைகளைத் தனியாக இதில் விடாதீர்கள்.

இரண்டு. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் ஒரு துளி ஒயில் தட்டிலோ பிரேக் கட்டையிலோ பட்டாலும் பிரேக் பிடிக்காது. சில்லைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிரேக் கட்டைக்கு ஒரு சுத்தமான பையைச் சுற்றிக் கட்டுங்கள்.

மூன்று. சீலுக்கு ஷொக்குக்கென்றே விற்கும் கிறீஸைக் கொஞ்சமாகப் போடுங்கள். பழைய அழுக்கின் மேல் புதுக் கிறீஸ் போடுவது மணலில் எண்ணெய் விட்டுத் தேய்ப்பது மாதிரி. முதலில் துடையுங்கள்.

நான்கு. கழித்த ஒயிலை வளவில் ஊற்றாதீர்கள். நமது கரையோரம் மணல் மண். கிணறுகள் ஆழம் குறைந்தவை. இன்று மதிலோரத்தில் ஊற்றியது நாளை யாருடைய வாளியில் வரும் என்று சொல்ல முடியாது. அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அதிலேதான் வுழூ செய்கிறோம். பழைய போத்தலில் சேர்த்து, கழிவு ஒயில் சேகரிக்கிற வாகன சேவிஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

9. எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

ரொக்ஷொக்ஸ் கீழ்க்கால் ஒயிலை 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறது. ஃபொக்ஸ் 125 மணித்தியாலம் அல்லது வருடத்துக்கு ஒரு தடவை என்கிறது. காட்டுப் பாதையில் ஓடுவதை நினைத்துச் சொன்ன கணக்கு அது. பாடசாலைக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் ஓடுகிற சைக்கிளுக்கு நமது ஆலோசனை, வருடத்துக்கு ஒரு தடவையாவது செய்யுங்கள். மாரி முடிந்த கையோடு செய்தால் நல்லது. வெள்ளத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்கள் காத்திருக்க வேண்டாம். சீல் வழியாகத் தண்ணீர் போயிருந்தால் உள்ளே இருக்கிற ஒயில் பால் நிறமாகியிருக்கும். அப்படியே விட்டால் குழாய் துருவேறும். ஒயிலின் விலையோடு முடிய வேண்டியது ஷொக்கின் விலையாகிவிடும்.

இதற்கு வருகிற மறுப்பும் நமக்குத் தெரியும். "அரிசி விலை, மா விலை பேச வேண்டிய நேரத்தில் சைக்கிள் ஷொக்கைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேணுமா?" என்று சிலர் கேட்பார்கள். எழுத வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. காசு குறைந்த வீட்டில்தான் சாமான் நீண்ட நாள் உழைக்க வேண்டும். பழுதானால் புதிதாக வாங்கக்கூடியவருக்கு இந்தப் பதிவு தேவையே இல்லை. வாப்பா வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய சைக்கிளை நாலைந்து வருடம் ஓட வைக்க நினைக்கிற பிள்ளைக்குத்தான் இது தேவை.

"எங்கட சைக்கிள் கடைக் காக்கா முப்பது வருசமா இப்படித்தானே செய்யிறார்" என்பதும் வரும். அவர்களின் கை அனுபவத்துக்கு முன்னால் நாங்கள் ஆசிரியர்கள் மாணவர்கள்தான். சில்லுக் கம்பி இழுப்பதில், செயின் பூட்டுவதில் அவர்களை மிஞ்ச யாரும் இல்லை. ஆனால் ஒயில் ஷொக் நமது ஊருக்குப் புதிது. அவர்கள் தொழில் பழகிய காலத்தில் அது கடைக்கு வரவில்லை. புதுச் சாமானுக்குப் புதுத் தரவு வேண்டும். அந்தத் தரவு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாசித்துத் தமிழில் சொல்லிக் கொடுப்பது படித்த பிள்ளைகளின் கடமை. காக்காவின் கையும் பிள்ளையின் வாசிப்பும் சேர்ந்தால் ஊருக்கே ஒரு நல்ல ஷொக் கடை கிடைக்கும். அது ஒரு தொழிலும்கூட.

பாடசாலைகளிலும் ஒன்று செய்யலாம். சாதாரண தரத்தில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் படிக்கிற வகுப்புக்கு இதைவிட மலிவான செயற்பாடு கிடைக்காது. ஒரே அளவான சிரிஞ்ச் ஒன்றை எடுங்கள். தண்டை எடுத்துவிட்டு நிமிர்த்திப் பிடித்து, தண்ணீர், தேங்காய் எண்ணெய், ஷொக் ஒயில், என்ஜின் ஒயில் ஒவ்வொன்றையும் ஒரே கோடு வரை நிரப்புங்கள். அடியால் வடிந்து முடிய எத்தனை செக்கன் என்று எழுதுங்கள். ஆய்வுகூடத்தில் பிசுக்குமை அளக்கிற கண்ணாடிக் கருவியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது, ஒடுங்கிய குழாயில் வடிய எடுக்கும் நேரத்தை வைத்து. நமது சிரிஞ்ச் சரியான எண்ணைத் தராது. எது எதைவிடத் தடிப்பு என்பதை யாரும் மறுக்க முடியாதபடி காட்டிவிடும். 'எந்த ஒயிலும் ஒண்டுதான்' என்ற கதை அந்த ஒரு பாடவேளையில் முடிந்துவிடும்.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பெற்றோரே, பிள்ளை ஒயில் வாங்கக் காசு கேட்டால் எந்தக் காலுக்கு, என்ன வேலைக்கு, எத்தனை மில்லிலீற்றர் என்று கேளுங்கள். விடை சொன்னால் தயங்காமல் கொடுங்கள். கடைக்காரச் சகோதரர்களே, போத்தலோடு அதன் 40 பாகை அளவையும் ஒரு துண்டில் எழுதி ஒட்டி விடுங்கள். வாங்குபவர் உங்களை இன்னும் நம்புவார். பிள்ளைகளே, உங்கள் ஷொக்கின் பெயரையும் வகையையும் குழாயின் பின்பக்கத்தில் பார்த்து, இன்றே கொப்பியில் எழுதி வையுங்கள். அதற்குரிய ஒயில் எது, அளவு எவ்வளவு என்று தேடி அதே பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு கடைக்குப் போகிறவரை யாரும் ஏமாற்ற முடியாது.

பிரயோசனம் என்று நினைத்தால் சைக்கிள் ஓடுகிற ஒரு பிள்ளைக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.